ஆறு நாள் மிச்சம்: ராமேஸ்வரம் லாட்ஜ் ஒன்றின் பொறுப்புக் காப்பீடு ரத்தான கதை – ஒரு நிகழ்வு ஆய்வு

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் மாடிப்படி காய்வதே இல்லை. அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறுகளிலும் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கி, சொட்டச் சொட்ட நடந்து வந்து, ரூமில் உடை மாற்றிக்கொண்டுதான் பலர் தரிசனத்துக்குப் போகிறார்கள். அமாவாசை என்றால் விடியுமுன்பே படியெல்லாம் தண்ணீர். ரூம் பாய் ஒருவன் சாக்கை வைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பான். அவன் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் நடந்த ஒரு விபத்தும், அதற்கு எட்டு வாரம் கழித்து ரத்தான ஒரு இன்சூரன்ஸ் பாலிசியும் பற்றியது இந்த ஆய்வு.

நான் ராமநாதபுரத்தில் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருகிறவன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் எனக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. இன்சூரன்ஸ் விற்பதில்லை. ஆனாலும் பாலிசிக் காகிதம் எதுவானாலும் கடைசியில் என் மேசைக்கு வந்துவிடும். லாட்ஜின் உரிமையாளரான அக்காவிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆட்களின் பெயர், நிறுவனத்தின் பெயர் எதையும் சொல்லவில்லை. கணக்கு எளிதில் விளங்கட்டும் என்று தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

பாலிசி எதற்காக எடுத்தது

பதினான்கு ரூம், இரண்டு மாடி. கணவர் இறந்த பிறகு அக்கா தனியாக நடத்திவந்தார். 2019 ஏப்ரல் 1 முதல் அவரிடம் பப்ளிக் லயபிலிட்டி, அதாவது பொதுப் பொறுப்புப் பாலிசி இருந்தது. பஸ்ஸில் யாத்திரை ஆட்களை அனுப்புகிற டிராவல்ஸ்காரர் ஒருவர், அது இருந்தால்தான் ஆள் அனுப்புவேன் என்று சொன்னதால் எடுத்தது. வருடம் தவறாமல் புதுப்பித்தார். ஒரு விபத்துக்கு 10 லட்சம், வருடம் முழுவதற்கும் சேர்த்து 20 லட்சம் வரை பாதுகாப்பு. பிரீமியம் 12,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,160. ஒவ்வொரு விபத்திலும் முதல் 10,000 ரூபாய் அவர் கையிலிருந்து போகவேண்டும்.

கட்டடத்துக்கான தீ இன்சூரன்ஸும் இதுவும் ஒன்றென்றுதான் அக்கா நெடுநாள் நினைத்திருந்தார். தீ பாலிசி அவருடைய சொத்துக்கு. இந்தப் பாலிசி, அவருடைய இடத்தில் இன்னொருவருக்கு அடிபட்டு, அதற்கு அவர் சட்டப்படி பதில் சொல்லவேண்டி வந்தால் அந்தத் தொகைக்கும் வக்கீல் செலவுக்கும். சில தொழில்களுக்கு இந்த வகைக் காப்பீடு சட்டத்தாலேயே கட்டாயம். போபால் விபத்துக்குப் பிறகு வந்த 1991 ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், அம்மோனியா போன்ற ஆபத்தான பொருள்களை நிர்ணயித்த அளவுக்கு மேல் கையாளுகிறவர்களைக் கட்டாயமாக எடுக்கச் சொல்கிறது. அப்படிப்பட்டவர் தொழில் நடக்கும்போதே பாலிசியை நிறுத்த முடியாது. லாட்ஜுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. எடுப்பதும் நிறுத்துவதும் உரிமையாளர் விருப்பம்.

ஆடி அமாவாசை

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. சேலம் பக்கமிருந்து வந்த குடும்பத்தில் 62 வயது அம்மா ஒருவர், முதல் மாடிக்கு ஏறும்போது மூன்றாவது படியில் வழுக்கி விழுந்தார். படிக்கு ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் கைப்பிடி இருந்த இடத்தில் இரும்பு துருப்பிடித்து உதிர்ந்து, வெறும் முளைகள் மட்டும் நின்றன. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கட்டடத்தில் இரும்பு அப்படித்தான் போகும். மாற்றவேண்டும் என்று அக்காவுக்கும் தெரியும். கையில் காசில்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ராமேஸ்வரம் அரசு மருத்துவமனையில் முதலுதவி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் ராமநாதபுரம், பிறகு சொந்த ஊர். ராமநாதபுரம் வரை அக்காவும் கூடவே போனார். கிளம்பும்போது அந்த அம்மாவின் மகன் கையில் 5,000 ரூபாயை வைத்து, "செலவுக்கு வச்சுக்கங்க தம்பி" என்றார். ரூம் வாடகை வாங்கவில்லை. அடுத்த வாரம் போன் போட்டும் விசாரித்தார். ஆனால் நடந்ததை எந்த நோட்டிலும் எழுதவில்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு வரி அனுப்பவில்லை.

ரத்து

பாம்பன் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. அதன்பிறகு ரயில் யாத்ரீகர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் பிடிக்கவேண்டியிருந்தது. பெரிய லாட்ஜ்கள் தாங்கின. பதினான்கு ரூம் லாட்ஜுக்கு அது பெரிய அடி. 2024 ஆகஸ்டில் தங்கச்சிமடத்துக்காரர் ஒருவர் லாட்ஜை லீஸுக்குக் கேட்டு வந்தார். மகாளய அமாவாசை அந்த வருடம் அக்டோபர் 2. அந்தக் கூட்டத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று அக்டோபர் 1 முதலே கேட்டார். அக்கா சம்மதித்தார்.

"லாட்ஜே இனிமே என் கையில இல்ல. அப்புறம் எனக்கு எதுக்கு தம்பி இன்சூரன்ஸ்? அவரு பேர்ல அவரு எடுத்துக்கட்டும்" என்று பிறகு என்னிடம் சொன்னார். யாருக்கும் தோன்றக்கூடிய நியாயம்தான். ஆகஸ்ட் 29 அன்று ஏஜென்ட் மூலம் ரத்துக் கடிதம் கொடுத்தார். பாலிசி நிபந்தனைப்படி முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். செப்டம்பர் 30 நள்ளிரவோடு பாலிசி முடிந்தது. ஏஜென்ட் கொண்டுவந்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்தப் பாலிசி காலத்தில் கிளெய்ம் ஏதும் உண்டா?

அக்கா கேட்டிருக்கிறார்: "ஆடி அமாவாசைக்கு ஒரு அம்மா விழுந்தாங்களே, அதைச் சொல்லவேணாமா?"

"அதெல்லாம் எழுதினா ரீஃபண்ட் நின்னுரும்க்கா. அவங்க என்ன கேஸா போட்டாங்க?"

"இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ரீஃபண்ட் சண்டை

இந்த இடத்தில்தான் நான் உள்ளே வருகிறேன். என் பங்கை மறைக்காமல் சொல்லவேண்டும்.

பாலிசிதாரர் தானாக ரத்து செய்தால் நிறுவனம் குறுங்கால விகிதத்தில் பிரீமியத்தை எடுத்துக்கொள்ளும் என்று பாலிசியில் அச்சாகியிருந்தது. அவர்களுடைய அட்டவணையில் ஆறு மாதத்துக்கு 70 சதவீதம். ஆக, பாதி வருடம் பாக்கி இருந்தும் அக்காவுக்கு 12,000த்தில் 3,600 மட்டும் திரும்ப வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. 2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட பொதுக் காப்பீட்டுச் சுற்றறிக்கையை எடுத்தேன். சில்லறைப் பாலிசிதாரர் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ஒரு வருடம் வரையிலான பாலிசியில் கிளெய்ம் இல்லாவிட்டால், மீதியிருக்கும் நாளுக்கு ஏற்ற பிரீமியத்தைத் திருப்பித் தரவேண்டும். நிறுவனம் தானாக ரத்து செய்வதானால், நிரூபிக்கப்பட்ட மோசடி ஒன்றே காரணமாக இருக்கமுடியும், அதற்கும் குறைந்தது 7 நாள் நோட்டீஸ் தரவேண்டும் என்கிறது அது. ஒற்றை ஆளாக நடத்தும் சிறு தொழில் இது, இந்தக் கணக்குதான் பொருந்தும் என்று எழுதினேன். 365 நாளில் மீதி 182 நாள். 12,000க்கு அது 5,984 ரூபாய். அதற்குரிய ஜிஎஸ்டி 1,077. மொத்தம் 7,061. இரண்டு கடிதத்துக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

ஏஜென்ட் அந்தப் பணத்தைத் தன் கணக்கில் வாங்கி, அக்காவின் ஸ்கூட்டர் பாலிசிக்குக் கழித்துக்கொள்ளலாம் என்றார். அதையும் தடுத்தேன். 1938 ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டம், 64விபி பிரிவு, ரத்தான பாலிசியின் ரீஃபண்ட் நேராகப் பாலிசிதாரருக்கே போகவேண்டும், எந்த நிலையிலும் ஏஜென்ட் கணக்கில் வரவு வைக்கக்கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சிறு கடைக்காரர்கள் பலர் இதை அறியாமல், "ஏஜென்ட் பாத்துக்குவாரு" என்று விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

2,384 ரூபாய் வித்தியாசத்துக்காக இவ்வளவு படித்தேன், இவ்வளவு எழுதினேன். ஆனால், "இந்த ஆறு மாதத்தில் லாட்ஜில் யாருக்காவது அடிபட்டதா அக்கா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவர் எதையும் மறைக்கிறவர் அல்லர்.

வக்கீல் நோட்டீஸ்

நவம்பர் 18 அன்று சேலத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தது. உடைந்த கைப்பிடி, ஈரப்படி, அறுவை சிகிச்சை, மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட மருமகள் எல்லாவற்றையும் சொல்லி 6,50,000 ரூபாய் கேட்டிருந்தார்கள். முகவரி லாட்ஜ் முகவரி. லீஸ்காரரின் ரிசப்ஷன் பையன் கையெழுத்துப் போட்டு வாங்கி டிராயரில் வைத்தான். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 20, ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரிசப்ஷனில் தண்ணீர் ஏற, டிராயரில் இருந்த காகிதங்களை எல்லாம் ஒரு சாக்கில் அள்ளி மாடிக்குக் கொண்டுபோனார்கள். யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. டிசம்பர் 19 அன்றுதான் அந்தக் கவர் அக்கா கைக்கு வந்தது. அன்று மாலையே ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டார்.

"நம்மகிட்டதான் அப்ப இன்சூரன்ஸ் இருந்துச்சே தம்பி? ஆகஸ்டுலதானே விழுந்தாங்க?"

வாகன இன்சூரன்ஸில் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பு. விபத்து நடந்த நாளில் பாலிசி இருந்ததா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். நம் ஊரில் விற்கப்படும் பொதுப் பொறுப்புப் பாலிசிகள் பெரும்பாலும் வேறு அடிப்படையில் ஓடுகின்றன. விபத்து பாலிசி காலத்தில் நடந்தால் மட்டும் போதாது. பாதிக்கப்பட்டவர் உங்களிடம் இழப்பீடு கேட்பதும் பாலிசி உயிரோடு இருக்கும்போதே நடக்கவேண்டும். கிளெய்ம் வந்த நாளே கணக்கு. விபத்து எவ்வளவு பின்னால் வரை போகலாம் என்பதற்கு ரெட்ரோஆக்டிவ் தேதி என்று ஒன்று பாலிசி அட்டவணையில் இருக்கும். அக்காவின் பாலிசியில் அது 2019 ஏப்ரல் 1. விடாமல் புதுப்பித்ததால் ஐந்து வருட பழைய விபத்துகளுக்கும் நிழல் கொடுத்துக்கொண்டிருந்த தேதி. ரத்துக் கடிதத்தோடு அந்த ஐந்து வருட நிழலும் போனது. அவர் நிறுத்தியதாக நினைத்தது செப்டம்பருக்குப் பிந்தைய நாள்களின் பாதுகாப்பை மட்டும்.

90 நாள்

அன்று இரவு பாலிசி முழுவதையும் ஒரு வரி விடாமல் படித்தேன். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் இருந்தது அது. நீட்டிக்கப்பட்ட கிளெய்ம் அறிவிப்புக் காலம் என்று பொருள்படும் ஒரு பிரிவு. பாலிசி புதுப்பிக்கப்படாமல் போனாலோ, நிறுவனமோ பாலிசிதாரரோ ரத்து செய்தாலோ, அந்த நாளிலிருந்து 90 நாளுக்கு மிகாத கெடுவுக்குள், பாலிசி காலத்தில் நடந்த விபத்துக்கான கிளெய்மைத் தெரிவிக்கலாம். அது பாலிசியின் கடைசி நாளில் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஒரே நிபந்தனை: அந்த நீட்டிப்புக் காலத்தில் அதே உரிமை நலனுக்கு வேறு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கக்கூடாது.

செப்டம்பர் 30லிருந்து விரல்விட்டு எண்ணினேன். அக்டோபரில் 31 நாள், நவம்பரில் 30, டிசம்பரில் 29. தொண்ணூறு. டிசம்பர் 29 ஞாயிற்றுக்கிழமை, 28 நான்காம் சனி, 25 கிறிஸ்துமஸ் விடுமுறை.

மறுநாள் வெள்ளி இரவுக்குள் கிளைக்கும், குறைதீர் பிரிவுக்கும் மின்னஞ்சல் போனது. திங்கள், டிசம்பர் 23, காலையில் அக்காவை அழைத்துக்கொண்டு கிளைக்குப் போய் நோட்டீஸின் நகல், லாட்ஜ் ரிஜிஸ்டர் பக்கம், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் கடிதத்தோடு கொடுத்து, தேதி போட்ட முத்திரையோடு ஒப்புகை வாங்கினோம். 84 ஆவது நாள். ஆறு நாள் மிச்சம் இருந்தது. அந்த முத்திரையை வாங்காமல் ஏஜென்டிடம் சொல்லிவிட்டு வந்திருந்தால் பின்னால் நிரூபிக்க எங்களிடம் ஒன்றும் இருந்திருக்காது.

நிறுவனம் எழுப்பிய தடைகள்

ஜனவரி 2 அன்று மறுப்பு வந்தது. அதில் எல்லாக் காரணமும் வீம்பு என்று நான் சொல்லமாட்டேன். சிலவற்றில் நியாயமும் இருந்தது.

முதலாவது, லீஸ்காரர் அக்டோபர் 1 முதல் வேறு நிறுவனத்தில் பொறுப்புப் பாலிசி எடுத்திருக்கிறார், ஆகவே வேறு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது, 90 நாள் செல்லாது என்றார்கள். நான் மிகவும் பயந்தது இதற்குத்தான். அக்கா தாமே வேறு கம்பெனிக்கு மாறியிருந்தால் இந்த வாதம் நின்றிருக்கும். 90 நாள் அங்கேயே முடிந்திருக்கும். பிரீமியம் குறைவு என்று பாதியில் கம்பெனி மாற்றுகிறவர்கள் இந்த வரியைத்தான் முதலில் படிக்கவேண்டும். புதுக் கம்பெனி பழைய ரெட்ரோஆக்டிவ் தேதியை ஏற்றுக்கொண்டு எழுத்தில் தராவிட்டால், பழைய விபத்துக்குப் பழைய பாலிசியும் இல்லை, புதுப் பாலிசியும் இல்லை. அக்காவின் விஷயத்தில் லீஸ்காரரின் பாலிசி லீஸ்காரருடையது. அதில் அக்காவின் பெயர் எங்கும் இல்லை, அதன் ரெட்ரோஆக்டிவ் தேதியும் அக்டோபர் 1. அதே நலன் என்பது அதே ஆளுடைய பொறுப்பைக் குறிக்கும், அதே கட்டடத்தைக் குறிக்காது என்று எழுதினோம்.

அடுத்தது தாமதம். விபத்து நடந்து நாலரை மாதம் சொல்லவில்லை. உண்மை. ஆனால் தாமதத்தை மட்டும் காட்டி நியாயமான கிளெய்மை மறுக்கக்கூடாது, காலத்தில் சொல்லியிருந்தாலும் மறுக்கவேண்டிய கிளெய்மா என்று பார்க்கவேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டினோம்.

மூன்றாவது, படிவத்தில் எழுதிய "இல்லை". எனக்கு இதில்தான் தூக்கம் போனது. கிளெய்ம் என்பது ஒருவர் இழப்பீடு கேட்பது. ஆகஸ்ட் 29 அன்று யாரும் கேட்கவில்லை. எனவே கேட்ட கேள்விக்கு அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் அக்கா அந்த அம்மாவை நினைத்துக்கொண்டே, ஏஜென்டின் பேச்சைக் கேட்டு எழுதிய பதில் அது. அதைக் கடிதத்தில் மறைக்கவேண்டாம் என்று அக்காவே சொன்னார். நடந்தது நடந்தபடி எழுதினோம். அது எங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை.

கடைசியாக அந்த 5,000 ரூபாய். நிறுவனத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் தரவோ கூடாது என்பது நிபந்தனை. அடிபட்டு வலியில் கிடக்கிறவருக்கு ஆம்புலன்ஸ் செலவு கொடுத்ததைக் குற்றம் என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். இனியும் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும்போது, "அவசர உதவியாகத் தரப்பட்டது" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, வாங்கியவர் கையெழுத்தோடு வைத்துக்கொண்டால் இந்தக் கேள்வியே வராது.

இந்தப் பதிலைக் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பிவிட்டு, ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதிவுசெய்தோம். 155255 என்ற எண்ணில் போனிலும் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறவர்) போவதற்குக் காகிதம் தயாராக இருந்தது. தனிநபர்கள் மட்டுமல்லாமல் தனி உரிமையாளர் தொழில்களும் குறுந்தொழில்களும் அங்கே போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம். நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் காத்திருக்கவேண்டும், அவ்வளவே.

அந்த மாதம் முடிவதற்குள், ஜனவரி 28 அன்று, ஒத்துக்கொண்டு கடிதம் வந்தது. ஒரு நிபந்தனையோடு: கிளெய்ம் வந்துவிட்டதால் ரீஃபண்ட் கிடையாது, வாங்கிய 7,061ஐத் திருப்பிக் கட்டவேண்டும். பாலிசியிலேயே இருப்பதுதான். மறுநாளே கட்டினோம். எந்தத் தொகைக்காக இரண்டு கடிதம் எழுதி வாதாடினேனோ, அதை என் கையாலேயே வங்கிச் சலானில் எழுதினேன்.

விசாரணைக்கு வந்தவர் துருப்பிடித்த முளைகளைப் போட்டோ எடுத்தார். இழப்பீட்டை முற்றிலும் மறுக்க இடமில்லை என்று நிறுவனத்தின் வக்கீலும் சொன்னார். அந்தக் குடும்பம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருந்தால் சேலத்திலேயே போட்டிருக்கலாம். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார் செய்கிறவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. எதிர்த்தரப்பு 30 நாளில், கூடுதலாக 15 நாள் வாங்கினால் 45 நாளில், பதில் தாக்கல் செய்யாவிட்டால் கதவு மூடிவிடும். ராமேஸ்வரத்து லாட்ஜ்காரர் ஒருவர் வாய்தாவுக்கு வாய்தா சேலம் போய்வருவதை நினைத்துப் பாருங்கள்.

அங்கே போகாமலே 2025 ஏப்ரலில், புதிய பாம்பன் பாலம் திறந்து ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் வந்த அதே மாதத்தில், 3,10,000 ரூபாய்க்குப் பேசி முடிந்தது. நிறுவனம் 3,00,000. அக்காவின் பங்கு 10,000. அந்த அம்மா இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார் என்று மகன் சொன்னார். பணம் அவருக்குப் போய்ச் சேர்ந்ததில் எனக்குக் கிடைத்த நிம்மதியை இங்கே எழுதாமல் விடமுடியவில்லை. அவர் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தப் பாலிசி இருப்பதே அதற்காகத்தான்.

என்ன செய்திருக்கலாம்

மிகச் சுலபமான வழி, ஒன்றும் செய்யாமல் விட்டிருப்பது. 182 நாளுக்கு 5,984 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 33 ரூபாய். 2025 மார்ச் 31 வரை பாலிசி ஓடியிருந்தால், நவம்பர் நோட்டீஸ் சாதாரணக் கிளெய்மாகப் போயிருக்கும். அதன்பிறகும் ஜூன் 29 வரை 90 நாள் கிடைத்திருக்கும். தொழிலை நிறுத்துகிறவர், லீஸுக்கு விடுகிறவர், விற்கிறவர் எல்லாருக்கும் நான் இப்போது முதலில் சொல்வது இதைத்தான்: ரீஃபண்டை மறந்து, பாலிசி தானாக முடியட்டும் என்று விடமுடியுமா பாருங்கள். நுகர்வோர் புகாருக்குச் சம்பவத்திலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் 90 நாள் ரொம்பச் சிறியது.

ரத்துதான் வேண்டும் என்றால், கடிதம் கொடுக்கும் முன் ரூம் பாய், மேனேஜர், வாட்ச்மேன் எல்லாரையும் உட்காரவைத்து, யார் விழுந்தார்கள், யாருக்கு ஷாக் அடித்தது, யார் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் சத்தம் போட்டார்கள் என்று கேட்டு எழுதவேண்டும். அந்தப் பட்டியலைப் பாலிசி உயிரோடு இருக்கும்போதே நிறுவனத்துக்கு எழுத்தில் தரவேண்டும். இழப்பீடு கேட்டு யாரும் வராவிட்டாலும் தரலாம். பாலிசியில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. கிளெய்ம் வரக்கூடிய ஒரு சம்பவத்தைப் பாலிசி காலத்தில் தெரிவித்து, நிறுவனம் அந்த அறிவிப்பை ஏற்றுக்கொண்டால், பின்னால் எப்போது நோட்டீஸ் வந்தாலும் அந்தப் பாலிசி காலத்திலேயே வந்ததாகக் கொள்ளப்படும். அக்கா ஆகஸ்ட் 5 அன்று ஒரு பக்கக் கடிதம் எழுதியிருந்தால் டிசம்பர் 23 அன்று நாங்கள் ஓடியிருக்கவேண்டாம். அதனால் ரீஃபண்டே நின்றுபோயிருந்தாலும் நட்டம் 7,061தான். அதுவும் கடைசியில் நின்றுதான் போனது.

லீஸ் விஷயத்தில் இன்னொன்று. லாட்ஜை நடத்துவது கைமாறியது, கட்டடம் மாறவில்லை. படி, கைப்பிடி, மாடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அக்காவுடையவை. நாளை ஒரு சுவர்ப் பூச்சு பெயர்ந்து யார் தலையிலாவது விழுந்தால் நோட்டீஸில் இரண்டு பெயரும் இருக்கும். ஆகவே அவருக்குத் தேவைப்பட்டது தொழில் விவரத்தை மாற்றி ஒரு எண்டார்ஸ்மென்ட், அதாவது அதே பாலிசியில் ஒரு எழுத்துத் திருத்தம். அல்லது லீஸ்காரரின் பாலிசியில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி, லீஸ் பத்திரத்திலேயே அதை எழுதுவது. வங்கிக் கடன் இருக்கிறவர்கள் எந்தப் பாலிசியையும் தொடுமுன் கடன் ஒப்பந்தத்தைப் பார்த்துவிடவேண்டும்.

பிரப்பன்வலசை பக்கம் கடலில் துடுப்புப் படகு விடுகிற பையன்கள் இரண்டு பேர், சீசன் முடிந்ததும் பாலிசியை நிறுத்திவிட்டு அடுத்த சீசனுக்குப் புதிதாக எடுக்கலாமா என்று சமீபத்தில் கேட்டார்கள். மிச்சமாகும் பணம் அவர்களுக்குப் பெரிதுதான், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ரெட்ரோஆக்டிவ் தேதி புதிதாகத் தொடங்கும். போன சீசனில் தோள் பிசகிய ஆள் இந்த சீசனில் நோட்டீஸ் அனுப்பினால் இரண்டு பாலிசியும் உதவாது. பாலிசியில் அந்தத் தேதி எங்கே அச்சாகியிருக்கிறது என்று மட்டும் காட்டிவிட்டு, முடிவை அவர்களிடமே விட்டேன்.

இப்போது

2025 மே மாதம் அக்கா கட்டட உரிமையாளர் என்ற முறையில் புதுப் பாலிசி எடுத்தார். பழைய 2019 தேதியைக் கேட்டுப் பார்த்தோம். இடையில் ஏழு மாதம் அறுந்துவிட்டதால் தரவில்லை. பாலிசி தொடங்கும் நாளே ரெட்ரோஆக்டிவ் தேதி என்று அச்சாகி வந்தது. படிக்கு இரும்பு இல்லாமல், செங்கல் வைத்து இடுப்பளவு கைப்பிடிச் சுவர் கட்டியாகிவிட்டது. அதன் செலவு அக்காவுடையது, துடைக்கிற பொறுப்பு லீஸ்காரருடையது என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தோம்.

2024 ஜூனில் வெந்நீர் ஹீட்டரில் கை பட்டு ஒரு சிறுவனுக்குக் கொப்புளம் வந்தது என்று, ரூம் பாய்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது தெரிந்தது. அந்தக் குடும்பத்திடமிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. பழைய பாலிசியின் 90 நாள் முடிந்துவிட்டது, புதுப் பாலிசி அவ்வளவு தூரம் பின்னால் போகாது. இரண்டு வருடம் என்றால் 2026 ஜூன். அந்தத் தேதியை அக்கா ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி, கணவர் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.